சிசேரியனோடு சேர்த்து ஆபரேஷனையும் முடித்துவிடலாமா?

இந்த இதழில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எல்லையோர ஊர்களில் இருக்கும் நம் வாசகர்களிடமிருந்து இதே விஷயமாகத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. ஊர் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எனக்கு 28 வயது. மூத்த பையனுக்கு நாலு வயது, அவன் சிசேரியனில் பிறந்தவன். இப்போது எட்டாம் மாதம். இதுவும் சிசேரியன்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "வயித்தத் தொறக்கும்போதே ஆபரேஷனையும் முடிச்சிரு" என்று மாமியார் தினமும் சொல்கிறார். வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு ஓட்டுகிறார். அவரிடம் கேட்டால் "அம்மா சொல்றபடி செய்" என்கிறார். எனக்கு வேண்டாம் என்றும் இல்லை, வேண்டும் என்றும் இல்லை. ஆபரேஷன் செய்தால் உடம்பு பெருத்துவிடும், மாதவிலக்கு தாறுமாறாகிவிடும் என்கிறார்களே? — வாசகி, கொழிஞ்சாம்பாறை

உங்கள் மாமியார் பேச்சில் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிசேரியன் நடக்கும்போது வயிறு திறந்திருக்கிறது, மரத்துப்போக மருந்தும் கொடுத்தாகிவிட்டது, கருக்குழாய்கள் டாக்டரின் கண்ணெதிரே இருக்கின்றன. கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். பிறகு தனியாக ஒரு நாள் வந்து இன்னொரு முறை படுக்க வேண்டியதில்லை. இனி குழந்தை வேண்டாம் என்று ஒரு பெண் முன்பே நிதானமாக முடிவெடுத்திருந்தால், இதைவிடத் தோதான நேரம் அவளுக்கு இல்லை.

ஆனால் நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இது நிரந்தரமான ஆபரேஷன். அப்புறம் வேண்டுமென்றால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு யாரும் இதற்குப் போகக் கூடாது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வில், 30 வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார்; 30 தாண்டிச் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்தான் அப்படிச் சொன்னார்கள். 28 வயதில் செய்யக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. அடுத்தவர் அவசரத்துக்காகச் செய்யக் கூடாது, அவ்வளவுதான். இடுப்பு வலியோடு படுத்திருக்கும்போது ஒரு காகிதத்தை நீட்டி "கையெழுத்துப் போடும்மா" என்று கேட்பதற்கு முன்னால், இந்த எட்டாம் மாதத்திலேயே உங்கள் டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று, அந்தக் கையெழுத்து உங்களுடையது மட்டும்தான். கணவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று அரசு விதிகளில் எங்கேயும் இல்லை, மாமியாரின் சம்மதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருமணமானவராக இருக்க வேண்டும், 22 வயது நிறைந்து 49-க்குள் இருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும். உங்களுக்கு நாலு வயதுப் பையன் இருக்கிறான், ஆகவே விதிப்படி தடை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகுகூட ஆபரேஷன் தொடங்கும்வரை "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொன்னதற்காக உங்கள் பிரசவ சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது.

மனசு ஒரு பக்கமாக நிற்கவில்லை என்றால் காப்பர் டி இருக்கிறது. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்த கையோடு, தையல் போடுவதற்கு முன்பே கர்ப்பப்பைக்குள் வைத்துவிடுவார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் வைக்கும் 380ஏ வகை பத்து வருடம் வேலை செய்யும். இரண்டு வருடம் கழித்து எடுத்துவிட வேண்டும் என்றாலும் எடுத்துவிடலாம். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் கொஞ்சம் கூடலாம், சிலருக்குத் தானாக நழுவி வெளியே வந்துவிடும். அதனால் ஆறு வாரம் கழித்துக் கட்டாயம் போய்க் காட்டுங்கள். பால் கொடுப்பதற்கு எந்த இடைஞ்சலும் இல்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனில் கருமுட்டை வரும் வழியான கருக்குழாயைக் கட்டி நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறார்கள். இப்போது சில ஆஸ்பத்திரிகளில் குழாயையே முழுதாக எடுத்துவிடுகிறார்கள், அதில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது. இரண்டு முறையிலும் சினைப்பையைத் தொடுவதில்லை, கர்ப்பப்பையையும் தொடுவதில்லை. மாதவிலக்கு வழக்கம்போல வரும், அது நிற்கும் வயதும் மாறாது. உடம்பு பெருப்பது ஆபரேஷனால் அல்ல. பிரசவம், வயது, தூக்கமின்மை, குழந்தை மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவது எல்லாம் அதே சமயத்தில் வருவதால் பழி ஆபரேஷன் மேல் விழுகிறது. முன்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, அதை நிறுத்தியதும் பழைய அதிக உதிரப்போக்கு திரும்பி வரும், அதையும் ஆபரேஷன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

நூற்றுக்கு நூறு நிச்சயமா என்றால், இல்லை. ஆயிரம் பெண்களுக்குச் செய்தால் முதல் வருடத்தில் ஐந்து பேர் அளவுக்குக் கரு தரிக்கலாம். அப்படித் தரித்தால் அது குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே ஆபரேஷன் செய்தாகிவிட்டது என்று நினைத்து, தள்ளிப்போன மாதவிலக்கை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு பக்க அடிவயிற்றில் வலி, தலைச்சுற்றல், தோள்பட்டையில் குத்தல் என்றால் அது எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அரசுத் திட்டத்தில் ஆபரேஷன் தவறினால் இழப்பீடு உண்டு, அதற்கு ஆபரேஷன் சான்றிதழ் வேண்டும், பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரர். "அம்மா சொல்றபடி செய்" என்பது ஒரு பதிலே இல்லை. இரண்டு பிரசவம், இரண்டு வெட்டு எல்லாம் உங்கள் வயிற்றில். அவர் பங்குக்கு ஒரு வழி இருக்கிறது, அது உங்களுடையதைவிட எளிது, அவசரமும் இல்லை, குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்கவும் முடியும். அடுத்த கடிதத்துக்கு எழுதியிருக்கும் பதிலை அவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். லோடு இறக்கிவிட்டு வந்து படித்தாலும் போதும்.

எனக்கு 34 வயது, விசைத்தறி ஓட்டுகிறேன். இரண்டு பெண் குழந்தைகள், போதும் என்று இருவருமே நினைக்கிறோம். மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. அவளுக்கு ஆபரேஷன் ஆபத்து, நீங்கள் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். நான் தயார். ஆனால் தறிக்கூடத்தில் எல்லோரும் ஆண்மை போய்விடும், பாவு தூக்க முடியாது என்கிறார்கள். எங்கள் அம்மா சாப்பிடாமல் அழுகிறார். — வாசகர், நகரி, ஆந்திரா

தம்பி, "நான் தயார்" என்ற உங்கள் வார்த்தையைப் படித்ததும் மனசு நிறைந்தது. உங்கள் மனைவியின் நிலையில் மூன்றாவது கர்ப்பமும் ஆபத்து, மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறப்பதும் ஆபத்து. உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

தறிக்கூடத்துப் பேச்சை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆண்மைக்குக் காரணமான டெஸ்டோஸ்டிரான் என்ற ஹார்மோன் விரையில் சுரந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆபரேஷனில் கட்டுவது விந்தணு மட்டும் போகிற மெல்லிய குழாயை. ரத்தக் குழாய், நரம்பு எதையும் வெட்டுவதில்லை. ஆசை குறையாது, விறைப்பு குறையாது, மீசை தாடி உதிராது, குரல் மாறாது. விந்து வெளியாவதும் முன்பு போலவேதான் இருக்கும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருகிற திரவம், விந்தணுவின் பங்கு நூற்றுக்குச் சில சதவீதம்தான். உற்பத்தியாகிற விந்தணுக்களை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், அவை எங்கேயும் தேங்கி நோயாக மாறாது.

இப்போது செய்வது கத்தியில்லாத முறை. 1974-ல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கியது. விரைப்பையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலில் ஒரு சின்னத் துளை போடுவார்கள். அதன் வழியாக இரண்டு குழாய்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெட்டிக் கட்டி உள்ளே விட்டுவிடுவார்கள். தையல் கிடையாது. பதினைந்து இருபது நிமிடம், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் பைக் ஓட்டாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, வீக்கம் இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ். ஒரு வாரம் பாவு தூக்க வேண்டாம், சைக்கிள் மிதிக்க வேண்டாம். அதற்குப் பிறகு தறியில் எப்போதும் செய்கிற வேலை எல்லாம் செய்யலாம்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். சிலருக்கு ரத்தம் கட்டி வீங்கும், சிலருக்குக் கிருமித்தொற்று வரும். நூற்றில் ஒருவர் இருவருக்கு விரையில் நாள்பட்ட வலி தங்கிவிடுகிறது. காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம் இருந்தால் உடனே போய்க் காட்ட வேண்டும். விரை வீக்கமோ குடலிறக்கமோ ஏற்கெனவே இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். இத்தனையும் சேர்த்துப் பார்த்தாலும் பெண்ணின் வயிற்றைத் திறந்து செய்வதைவிட இது எளிது, ஆபத்தும் குறைவு. தவறிப்போகும் வாய்ப்பும் குறைவுதான்.

பிறகு ஏன் ஆண்கள் யாரும் வருவதில்லை? ஒரு காலத்தில் வந்தார்கள். கேரளாவில், எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் நடந்த ஒரே முகாமில் 62 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ல் ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பல இடங்களில் வற்புறுத்தி, மிரட்டி, வேலையையும் ரேஷனையும் காட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பயம் குடும்பங்களுக்குள் இறங்கிவிட்டது. உங்கள் அம்மாவின் அழுகையில் அந்தக் காலத்தில் கேட்ட கதைகளும் இருக்கலாம், அவரிடம் கோபப்படாதீர்கள். அரசும் அதன் பிறகு பெண்கள் பக்கம் திரும்பிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் நூறு தம்பதிகளை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 38 பேரில் மனைவி ஆபரேஷன் செய்திருக்கிறார். கணவர் செய்திருப்பது ஆயிரத்துக்கு மூன்று. உங்கள் ஆந்திராவில் பத்துக்கு ஏழு பெண்கள் அளவுக்கு அந்தச் சுமையைச் சுமந்திருக்கிறார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம்.

அம்மாவை உங்கள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகளின் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் வாயால் கேட்டால் மனசு மாறும். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஒரு தொகையும் தருவார்கள், ஆணுக்குப் பெண்ணைவிடக் கூடுதல்.

மிக முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. அது அடுத்த கடிதத்தில் வருகிறது, அதையும் படித்துவிடுங்கள்.

என் கணவர் ஆபரேஷன் செய்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது எனக்கு நாள் தள்ளிப்போய், பரிசோதித்தால் கர்ப்பம். கணவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். நாத்தனார் வாய்க்கு வந்தபடி பேசுகிறாள். செத்துவிடலாம் போல இருக்கிறது. — வாசகி, ஆரியங்காவு

அம்மா, நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இதை முதலில் உங்களுக்கும், அப்புறம் உங்கள் கணவருக்கும், நாத்தனாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

குழாயைக் கட்டிய அன்றைக்கே ஆணுக்குக் கருத்தடை வந்துவிடாது. கட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே விந்தணுக்கள் தங்கியிருக்கும், அவை வெளியேறித் தீர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ வேறு கருத்தடையோ கட்டாயம். மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று எழுதி வாங்கிய பிறகுதான் நிம்மதியாக இருக்கலாம். சான்றிதழும் அதற்குப் பிறகுதான் தருவார்கள். உங்கள் கணவருக்கு இதை யாரும் புரியும்படி சொல்லவில்லையா, சொல்லியும் அவர் காதில் வாங்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் இரண்டாம் மாதத்தில் கரு தரித்திருப்பதில் மர்மம் எதுவும் இல்லை. அபூர்வமாக, வெட்டிய முனைகள் தாமாகச் சேர்ந்துகொள்வதும் நடக்கும்.

அவர் இப்போதே போய் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போங்கள், அவர் சொல்லட்டும். மனைவியைச் சந்தேகப்படும் ஆணுக்கு அந்தப் பரிசோதனைக் காகிதத்தைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கருத்தடை தவறியதால் வந்த கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும், 18 வயது நிறைந்த பெண்ணுக்கு வேறு யாருடைய சம்மதமும் தேவையில்லை. நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை என்று போகாதீர்கள். செத்துவிடலாம் போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். இன்றைக்கே உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது.

ஆந்திராவில் இப்போது நிறையக் குழந்தைகள் பெறச் சொல்கிறார்களே, எனக்கு ஆபரேஷன் செய்ய மாட்டேன் என்பார்களா? — வாசகி, சத்தியவேடு

இல்லை. இரண்டு குழந்தைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்று ஆந்திராவில் முப்பது ஆண்டுகளாக இருந்த விதியை 2024 நவம்பரில் சட்டசபை நீக்கியது. அது தேர்தல் சம்பந்தப்பட்டது. உங்கள் உடம்பு சம்பந்தப்பட்ட முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் ஊர் நர்ஸான ஏ.என்.எம். அக்காவிடம் தைரியமாகக் கேளுங்கள்.

எனக்கு 31 வயது. ஆபரேஷன் செய்து ஐந்து வருடம் ஆகிறது. போன வருடம் மகன் குளத்தில் மூழ்கி இறந்துவிட்டான். ஒரே மகள்தான் இருக்கிறாள். மறுபடி குழந்தை பெற வழி உண்டா? — வாசகி, பாறசாலை

உங்கள் இழப்புக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை, அம்மா. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வழி உண்டு, நிச்சயம் என்று சொல்ல முடியாது. வெட்டிய குழாயை நுண் அறுவை சிகிச்சையில் மறுபடி இணைக்கலாம். எந்த முறையில் செய்தார்கள், எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். வளையம் போட்டு அடைத்திருந்தால் வாய்ப்பு நல்லது, நீளமாக வெட்டி எடுத்திருந்தால் குறைவு, முழுக் குழாயையும் எடுத்திருந்தால் இணைக்கவே முடியாது. அப்போது டெஸ்ட் டியூப் முறைதான். உங்கள் வயது உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, அதனால் வருடக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். பழைய டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜின் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்குக் கணவரோடு போங்கள். அவருக்கும் விந்துப் பரிசோதனை முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது. இணைத்த பிறகு கரு தரித்தால், அது குழாயில் தங்கியிருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். 36 வயது, மூன்று பிள்ளைகள். வீட்டுக்காரர் செய்துகொள்ள மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார், நானே செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். ஒரே நாளில் நிறையப் பேருக்குச் செய்வார்களாம், பயமாக இருக்கிறது. அப்புறம் இடுப்பு வலி வந்து மலை ஏற முடியாது என்கிறார்கள். — வாசகி, தேவிகுளம்

உங்கள் பயம் நியாயமானது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, அதில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு 2016-ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி உத்தரவிட்டது. ஒரு குழு ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது விதி. நீங்கள் அடிமாலி தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய், அன்றைக்கு எத்தனை பேர், எந்த டாக்டர் என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். கூட்டமாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி வந்துவிடுங்கள்.

லேப்ராஸ்கோப் முறையில் தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை, காயம் சீக்கிரம் ஆறும். மாதவிலக்கு தொடங்கிய ஏழு நாளுக்குள் போவது நல்லது, கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரியும். அதற்கு முன்னால் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே இருந்தால் செய்ய மாட்டார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களிடம் ரத்தசோகை நிறையப் பார்க்கிறேன், ஏழுக்கு மேலே இருந்தாலும் சத்து மாத்திரை சாப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனால் உடம்பு தேறுவது சுலபம்.

இடுப்பு வலிக்கும் கருக்குழாய்க்கும் சம்பந்தமில்லை. சரிவில் நின்றுகொண்டு முதுகில் பாரம் சுமந்தால் ஆபரேஷன் செய்யாதவளுக்கும் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். ஆனால் தையல் ஆறுவதற்குள் கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் கஷ்டம். லயத்து வீட்டு வேலையை இரண்டு நாளில் மெல்ல ஆரம்பிக்கலாம், மலைக்கு இரண்டு வாரம் போகாதீர்கள். சம்பளம் போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். பிரசவ விடுப்புக்கான சட்டத்திலேயே, கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண் தொழிலாளிக்கு ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்து இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று இருக்கிறது, தோட்டத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். ஆஸ்பத்திரியில் தரும் சான்றிதழின் நகலை எஸ்டேட் ஆபீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். மறுத்தால் யூனியன்காரரிடம் அந்த நகலோடு போங்கள்.